கப்பல் சொல்லாத ஊர்: சுவிஸ் குடிபெயர்ந்தோரின் வேர்தேடலும் ஆவணங்களின் இயல்பும்

கடல் கடந்துபோன முன்னோரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்தே தேடலைத் தொடங்குகிறார்கள். பயணிகள் பட்டியல் ஒன்றில் குடும்பப் பெயர் அகப்பட்டுவிட்டால் வேர் கிடைத்துவிட்டது என்று நம்புகிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களின் வழித்தோன்றல்கள் இந்த நம்பிக்கையால் பல ஆண்டுகளை இழந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டோரின் பட்டியல்கள் 1890இலிருந்துதான் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய பெருந்திரளான பயணங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கடலே இல்லாத சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அங்கிருந்து அமெரிக்காவுக்கோ பிரேசிலுக்கோ போன ஒவ்வொருவரும் அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பலேறியவர்; பதியப்பட்டிருந்தால், அயல்நாட்டு எழுத்தர் ஒருவரின் கையால் பதியப்பட்டவர். ஆயினும் உலகில் மிக உறுதியாக ஊர்வரை தடம் பிடிக்கக்கூடிய குடிபெயர்ந்தோரில் சுவிஸ் மக்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். இந்த முரணுக்கான விடையே இக்கட்டுரையின் வாதம். ஓர் ஆவணம் தன்னை எழுதியவருக்கு எது தேவையோ அதை மட்டுமே சொல்லும். கப்பல்காரருக்கும் துறைமுக அதிகாரிக்கும் பயணியின் ஊர் தேவைப்படவில்லை. அவர் போனதால் யாருடைய கணக்கு மாறியதோ, அவர் வறுமையில் திரும்பினால் யார் சோறிட வேண்டியிருந்ததோ, அவர்களுக்கே அது தேவைப்பட்டது. முன்னோரின் ஊரை அவர்களுடைய ஏடுகளில்தான் தேட வேண்டும்.

முதலில் கப்பல் பட்டியல்களையே பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவுக்குப் போன சுவிஸ் மக்களில் பெரும்பகுதியினர் பாசலிலிருந்து ரைன் ஆற்றின் வழியே ராட்டர்டாம் சென்று, இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் நின்று, ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினார்கள். ஆங்கிலேயர் அல்லாதார் பெருகுவதைக் கண்டு அஞ்சிய பென்சில்வேனியா அரசு, 1727இல் கப்பல் தலைவர்கள் அயல்நாட்டுப் பயணிகளின் பட்டியலை ஒப்படைக்க வேண்டும் என்றும், வந்தவர்கள் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ரால்ஃப் ஸ்ட்ராஸ்பர்கர், வில்லியம் ஹிங்கே ஆகியோர் அவற்றைத் தொகுத்து 1934இல் வெளியிட்டார்கள். அரசின் கவலை விசுவாசம் பற்றியது. எனவே உறுதிமொழி எடுக்கத் தகுதியுள்ள, 16 வயது நிரம்பிய ஆண்களே அந்தக் கையொப்பத் தாள்களில் இருக்கிறார்கள். தலைவர் தந்த பட்டியல்கள் சிலவற்றில் மட்டுமே பெண்களும் குழந்தைகளும் தென்படுகிறார்கள். பிறந்த ஊர் அநேகமாக இல்லை. வந்தவர்கள் எல்லாரையும் ‘பாலட்டைன்கள்’, அதாவது ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியினர், என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவது வழக்கமாக இருந்தது. பேர்ண் உழவரும் சூரிச் நெசவாளரும் அந்தப் பெயருக்குள் மறைந்துபோனார்கள். ஜெர்மன் பெயர்களை ஆங்கிலக் காதால் கேட்டு எழுதியதால் ஒரே ஆளின் பெயர் தலைவரின் பட்டியலில் ஒரு விதமாகவும் அவருடைய கையொப்பத்தில் வேறு விதமாகவும் இருக்கிறது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவரின் குடிவழி இதற்கு நல்ல சான்று. அவருடைய மூதாதை ஆண்ட்ரியாஸ் ஹூபர் 1738இல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினார். துறைமுகப் பதிவோடு நிறுத்தியிருந்தால் அவர் பாலட்டினேட்காரர் என்ற முடிவே கிடைத்திருக்கும். ஒருவகையில் அது உண்மையும்கூட, ஏனெனில் அவர் பிறந்தது அந்தப் பகுதியின் எல்லர்ஷ்டாட் என்னும் ஊரில். ஆனால் குடும்பத்தின் பூர்விகம் இன்றைய ஆர்காவ் கன்டோனில் (மாநிலத்தில்), அன்று பேர்ண் ஆட்சியின்கீழ் இருந்த ஓபர்குல்ம். முப்பதாண்டுப் போரில் (1618–1648) பாலட்டினேட் பகுதி ஆளில்லாக் காடாகிவிட்டபோது, நிலமில்லாத சுவிஸ் உழவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினார்கள். பேர்ண் அரசால் துரத்தப்பட்ட அனபாப்டிஸ்ட் மதப்பிரிவினரும் 1671ஐ ஒட்டி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பேரர்களே பிறகு கப்பல் ஏறினார்கள். ஹூபர் ஹூவராக மாறியது கடலுக்கு அப்பால். ஓபர்குல்மை விட்டு நீங்கியது அதற்கு முன்பே, கடலைப் பார்க்காத தலைமுறை ஒன்றில். கப்பல் இந்த நெடும் பயணத்தின் நடுக்கண்ணி மட்டுமே. எல்லர்ஷ்டாட்டையும் ஓபர்குல்மையும் இணைக்க நிலத்தில் இருந்த தேவாலயப் பதிவேடுகளே வேண்டியிருந்தன.

கப்பல் பட்டியலும் ஊர்ப் பதிவும் ஒன்றோடொன்று பொருந்தும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு 1734ஆம் ஆண்டின் சூரிச் கூட்டம் எடுத்துக்காட்டு. அந்த அக்டோபரில் மோரிட்ஸ் கோட்சி என்ற போதகரின் தலைமையில் ஏறத்தாழ 400 பேர் சூரிச்சிலிருந்து புறப்பட்டார்கள். போலந்து வாரிசுரிமைப் போரால் ரைன் கரை படைகளால் நிறைந்திருந்த காலம் அது. வழியில் பலர் பிரிந்தார்கள், சிலர் திரும்பினார்கள். திரும்பியவர்களில் வாலிசெல்லன் ஊரைச் சேர்ந்த லுட்விக் வேபர் தாம் பட்ட துன்பத்தை எழுதி, மற்றவர்களை எச்சரிக்கும் நூலாக 1735இல் சூரிச்சில் அச்சிட்டார். எஞ்சியோர் ‘மெர்குரி’ கப்பலில் 1735 மே மாத இறுதியில் ஃபிலடெல்ஃபியா சேர்ந்தார்கள். கோட்சி கரை தொட்ட சில நாட்களில் இறந்தார். மக்கள் வெளியேறுவதைத் தடுக்கப் பலமுறை ஆணை பிறப்பித்தும் பலிக்காத சூரிச் அரசு, 1744இல் ஒவ்வொரு போதகரும் தம் பங்கிலிருந்து போனவர்களின் பட்டியலை அனுப்ப வேண்டும் என்று கேட்டது. அந்தப் பட்டியல்களில் ஊர், குடும்பம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன. ஆய்வாளர் ஆல்பர்ட் ஃபாஸ்ட் அவற்றைச் சூரிச் ஆவணக்காப்பகத்தில் கண்டெடுத்து 1920இல் வெளியிட்டார். 1925இல் கேயஸ் பிரம்பாவுடன் சேர்ந்து பேர்ண், பாசல் பட்டியல்களையும் கொண்டுவந்தார். மெர்குரியின் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் பெயர்களை இவற்றில் தேடினால் அண்டை வீட்டார், உறவினர், ஒரே போதகரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் என்ற தொடர்புகள் வெளிப்படுகின்றன. தனி ஆளின் பெயர் ஐயத்துக்கு இடம் தரும். ஒரே ஊரின் ஐந்து குடும்பங்கள் ஒரே கப்பலில் சேர்ந்து நின்றால் அந்த ஐயம் பெரிதும் தீர்ந்துவிடுகிறது.

அரசும் ஊரும் ஏன் இவ்வளவு கவனமாகப் பதிந்தன? இரண்டு கணக்குகள் அவற்றின் கையில் இருந்தன. முதலாவது பணம். பாசல், பேர்ண் பகுதிகளில் வெளியேறுகிறவர் எடுத்துச்செல்லும் சொத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய வரி கட்ட வேண்டும். பாசல் நாட்டுப்புறத்தில் அடிமைநிலைக் குடியானவர் விடுதலைக் கட்டணமும் செலுத்த வேண்டும். ஃபாஸ்ட் தொகுத்த பேர்ண், பாசல் பட்டியல்களில் பெரும்பகுதி இந்த வசூல் கணக்குகளிலிருந்தே வந்தது. இரண்டாவது கணக்கு இன்னும் ஆழமானது. சுவிஸ் மரபில் ஒவ்வொரு குடிமகனும் ஏதேனும் ஓர் ஊரின் உரிமையாளர். அந்தப் பூர்விக ஊர் பிறந்த இடமாகவோ வாழும் இடமாகவோ இருக்க வேண்டியதில்லை. தந்தைவழியாகத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஊர் அது. அந்த உரிமைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கடமை இருந்தது: உரிமையாளர் எங்கே வறுமையில் விழுந்தாலும் அவரைத் தாங்க வேண்டியது பூர்விக ஊர். வாழும் கன்டோன் செலவிட்ட உதவித்தொகையைப் பூர்விக கன்டோனிடம் திரும்பக் கேட்கும் ஏற்பாட்டின் கடைசி எச்சம் 2017இல்தான் முடிவுக்கு வந்தது. பொறுப்பு இருந்ததால் ஏடும் இருந்தது. ஊர் விட்டுப் போனவருக்கு எங்கோ குழந்தை பிறந்தாலும், அவர் இறந்தாலும், செய்தி வந்தால் ஊர்க் குடும்பப் பதிவேட்டில் ஏறியது. 1855இல் இன்று ரோத்ரிஸ்ட் எனப்படும் ஆர்காவ் ஊர், தன் ஏழைகள் 305 பேரைத் தன் செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஏழைகளைத் தாங்குவதைவிட ஏற்றிவிடுவது மலிவு என்ற கொடிய கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கே அவர்களின் பெயர்களை இழக்காமல் காத்தது.

இந்த அமைப்பால் தேடுகிறவருக்குக் கிடைக்கும் கருவி வேறெங்கும் அரிது. சுவிஸ் குடும்பப் பெயர் நூல் 1962இல் எந்தக் குடும்பப் பெயருக்கு எந்த ஊரில் உரிமை இருந்தது, அது எந்தக் காலத்தில் பெறப்பட்டது என்று நாடு முழுவதற்கும் வரிசைப்படுத்துகிறது. 1800க்கு முன்பே உரிமை பெற்ற குடும்பங்கள் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஓர் அரிய பெயரானால் ஒரே பார்வையில் இரண்டு மூன்று ஊர்களுக்குள் தேடலைச் சுருக்கிவிடலாம். அங்கிருந்து தேவாலயப் பதிவேடுகளுக்குப் போகலாம். சீர்திருத்தத் திருச்சபை ஊர்களில் அவை 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்குகின்றன. சூரிச் போதகர்கள் 1634 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாக எடுத்த குடித்தொகைப் பட்டியல்களும் இருக்கின்றன. 1876இல் நாடு முழுவதும் அரசுப் பதிவு கட்டாயமான பிறகு இந்தத் தொடர் உடையவே இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கப்பல் ஆவணங்கள் பெருகின. ஆனால் வாதம் வலுவிழக்கவில்லை. கப்பல்களில் ஆட்களை அளவுக்கு மீறித் திணிப்பதைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 1819இல் சட்டம் இயற்றி, 1820 முதல் வந்திறங்குவோரின் பெயர், வயது, பால், தொழில், நாடு ஆகியவற்றைக் கேட்டது. நாடு என்ற கட்டத்தில் ‘சுவிட்சர்லாந்து’ என்ற ஒரு சொல்லே விழுந்தது. பிறந்த ஊரும் தாயகத்தில் உள்ள உறவினரின் முகவரியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், குடியேற்றத்தை வடிகட்டும் எண்ணம் வந்த பிறகு, கேட்கப்பட்டன. புறப்பட்ட துறைமுகங்களின் நிலை இன்னும் மோசம். ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் தப்பின. பிரேமன் பட்டியல்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. ஆன்ட்வெர்ப்பில் 1855ஆம் ஆண்டுக்குரியது மட்டும் மிஞ்சியது. சுவிஸ் மக்கள் மிகுதியாகப் பயன்படுத்திய லு ஆவ்ர் துறைமுகத்தில் முறையான குடிபெயர்வோர் பட்டியல் இல்லை. இதற்கு எதிராக, ஊரும் கன்டோனும் ஏற்பாடு செய்த பயணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. 1816–17 பஞ்சத்துக்குப் பிறகு, போர்ச்சுகல்-பிரேசில் மன்னர் ஆறாம் ஜோவாவுடன் செய்த ஒப்பந்தப்படி 1819இல் ஏறத்தாழ 2,000 பேர் பிரேசிலின் நோவா ஃப்ரிபுர்கோவுக்குப் புறப்பட்டார்கள். ஹாலந்துச் சதுப்பில் காத்திருந்தபோது பிடித்த காய்ச்சலிலும் கடலிலுமாக அவர்களில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியோர் இறந்தார்கள். மார்ட்டின் நிக்குலன் 1973இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூட்டத்தின் வரலாற்றை இரு நாட்டு ஆவணங்களிலிருந்தும் மீட்டது. 1845 ஏப்ரலில் கிளாருஸ் கன்டோன் 193 பேரை விஸ்கான்சினுக்கு அனுப்பியது. ‘சூப்பர்ப்’ கப்பல் அவர்களை ஜூன் இறுதியில் பால்டிமோரில் இறக்கியது. நியூ கிளாருஸ் நகரின் குடும்பங்கள் தங்கள் மூலத்தை அறிவதற்கு அந்தக் கப்பலைவிட, யோஹான் யாகோப் குப்ளி-முல்லர் கையால் எழுதிவைத்த கிளாருஸ் குடிவழித் தொகுதிகளே உதவுகின்றன.

இங்கே தமிழர் ஒருவர் நியாயமான மறுப்பை எழுப்பலாம். சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளரின் கப்பல் பட்டியல்களில் ஊர் இருக்கிறதே. 1860 நவம்பரில் டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து போன 1,52,184 பேரில் பெரும்பாலோருக்குத் தந்தை பெயர், சாதி, கிராமம், தாலுகா, மாவட்டம், உடல் அடையாளம் வரை பதிவாகியிருக்கிறதே. அப்படியானால் கப்பல் ஊரைச் சொல்லாது என்பது எப்படிச் சரி? இந்தச் சான்று வாதத்துக்கு அரணாகவே நிற்கிறது. நேட்டால் பட்டியலை எழுத வைத்தது ஒப்பந்தம். ஓடிப்போனால் பிடிக்கவும், காலம் முடிந்தால் திருப்பி அனுப்பவும், இறந்தால் கூலி பாக்கியைத் தீர்க்கவும் அரசுக்கு ஊரும் உடல் அடையாளமும் தேவைப்பட்டன. அதே காலத்தில் மன்னார் வழி நடந்தும் படகேறியும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு அத்தகைய ஆள்வாரிப் பட்டியல் இல்லை. அங்கே ஆளைக் கட்டிவைத்தது கங்காணியின் கடன். அதனால் காகிதம் கடனைச் சுற்றியே எழுதப்பட்டது. தொழிலாளியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ சீட்டில் பெரிதாக நின்றது அவருடைய பற்றுத்தொகை. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஒரே மொழி பேசும், ஒரே மாவட்டங்களிலிருந்து கிளம்பிய மக்கள் இரு வேறு ஆவண உலகங்களுக்குள் போனதற்குக் காரணம், அவர்களைப் பதிந்தவரின் தேவை வேறுபட்டதுதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஊர் ஏடு உரிமை உள்ளவர்களை மட்டுமே அறியும். உரிமை இல்லாதவர் என்ன ஆவார்? இது உண்மை. சுவிட்சர்லாந்தில் எந்த ஊரும் ஏற்காத ‘ஊரற்றோர்’ ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். யேனிஷ் நாடோடிகள் அவர்களில் ஒரு பகுதி. 1850இல் கூட்டாட்சி அரசு சட்டம் போட்டு அவர்களை ஊர்களின் தலையில் வைக்க வேண்டியிருந்தது. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அனபாப்டிஸ்ட் குடும்பங்கள் தேவாலயப் பதிவேட்டில் முறையாக வரவில்லை. வேற்று நாட்டவரை மணந்த சுவிஸ் பெண்கள் 1950களின் தொடக்கம் வரை குடியுரிமையையே இழந்தார்கள். ஆனால் இந்த இடைவெளிகளிலும் அதே கேள்வியே வழிகாட்டுகிறது. அனபாப்டிஸ்டை அறிய விரும்பிய அதிகாரம் நீதிமன்றம். எனவே விசாரணைக் குறிப்புகளிலும் நாடுகடத்தல் ஆணைகளிலும் சொத்துப் பறிமுதல் கணக்குகளிலும் அவர் கிடைக்கிறார். ஊரற்றவரை அறிய விரும்பியது காவல்துறை; 1850 சட்டத்தை நிறைவேற்ற நடந்த விசாரணைகள் அவர்களுடைய குடிவழியைத் தேடிப் பதிந்தன. இவை வன்முறையின் ஆவணங்கள் என்பதை ஆய்வாளர் மறக்கக் கூடாது. அவற்றைப் படிப்பது எழுதிய அதிகாரத்தை ஏற்பதாகாது. அது அழிக்க நினைத்த மனிதரை மீட்பதாகும்.

மூன்றாவது, மின்தரவுகளும் மரபணுச் சோதனையும் இந்தக் கவலைகளைத் தேவையற்றதாக்கிவிட்டன என்பது. கோடிக்கணக்கான பதிவுகளை நொடியில் தேட முடிவது பெரும் வரம்தான். ஆனால் தேடுபொறி பெயர்களைப் பொருத்துகிறது. ஆட்களை அடையாளம் காண்பதில்லை. ஹான்ஸ் முல்லர் என்ற பெயரோடு ஒரு தலைமுறையில் எத்தனையோ பேர் வாழ்ந்த நாட்டில், பெயரும் வயதும் ஒத்துப்போவதால் ஆள் ஒத்துப்போனதாகாது. தவறான இணைப்பு ஒன்று வலையேறினால் நூறு குடும்ப மரங்கள் அதையே நகலெடுக்கின்றன. பிறகு அந்த நூறும் ஒன்றுக்கொன்று சான்றாகக் காட்டப்படுகின்றன. மரபணு, இருவர் உறவினர் என்று சொல்லும். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தத் தாய் என்று தானாகச் சொல்லாது. ஆதலால் ஊர் ஏட்டில் உள்ளவரும் கப்பலில் ஏறியவரும் ஒருவரே என்று நிறுவ, பெயர்ப் பொருத்தத்தோடு, கப்பல் புறப்பட்ட பின் ஊரில் அந்த ஆள் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். அவர் அங்கேயே மணமுடித்து அங்கேயே புதைக்கப்பட்டிருந்தால் கப்பலில் ஏறியவர் வேறொருவர். இந்த மறுதலைச் சோதனையைச் செய்ய இருபுறப் பதிவுகளும் வேண்டும். அதைச் செய்யாத எந்த இணைப்பும் ஊகமே.

இந்த வாதம் சுவிட்சர்லாந்தில் இன்று வாழும் தமிழருக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சுமார் 50,000 பேர் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அவர்கள் விமானத்திலும், எல்லைகளைத் தரைவழியே கடந்தும் வந்தவர்கள். பெயர் மாற்றிப் பயணம் செய்தவர்களும் உண்டு. நாளைய கொள்ளுப்பேரர் தேடிப் படிக்கப் பயணிகள் பட்டியல் எதுவும் இருக்கப்போவதில்லை. அவர்களைப் பற்றி மிக விரிவாக எழுதிவைத்திருப்பது, பாதுகாப்பு தருவதா மறுப்பதா என்று முடிவுசெய்ய வேண்டியிருந்த அரசின் அகதி விண்ணப்பக் கோப்புகள். ஊர், பெற்றோர், படித்த பள்ளி, போரில் இழந்தவை எல்லாம் அவற்றில் விசாரணை வடிவில் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டின் ஆவணக்காப்பகச் சட்டம் பொது ஆவணங்களுக்கு 30 ஆண்டும் தனியாள் விவரம் கொண்டவற்றுக்கு 50 ஆண்டும் மூடுகாலம் விதிக்கிறது. குடியுரிமை பெறும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. ஊராட்சி (கெமைண்ட), கன்டோன், கூட்டாட்சி என மூன்று நிலையிலும் ஏற்கப்பட்டவருக்கு அந்தச் சுவிஸ் ஊரே பூர்விக ஊராகிறது. அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்குகிறது. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இல்லை, பூர்விக ஊர் மட்டுமே உண்டு. பருத்தித்துறையிலோ கிளிநொச்சியிலோ வேர்விட்ட குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைச் சீட்டில் ஒரு சுவிஸ் ஊரின் பெயரே நிற்கும். தந்தை பெயரை முன்னே வைத்து எழுதும் நம் வழக்கம் அங்கே நிலையான குடும்பப் பெயராக உறைந்துவிடுவதால், ஒருவருடைய தந்தையின் பெயர் கொள்ளுப்பேரனின் குடும்பப் பெயராக நீளும். அதற்கு முந்தைய பெயர்கள் எந்தச் சீட்டிலும் தெரியாது. சுவிஸ் குடிபெயர்ந்தோரை ஊரோடு கட்டிவைத்த அதே ஏற்பாடு, உள்ளே வந்த தமிழரின் ஊரை ஆவணத்தின் முகத்திலிருந்து மறைத்துவிடுகிறது.

மறைந்துபோகும் அந்த ஊரின் பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும். பழைய காணிப் பதிவேடுகளான யாழ்ப்பாணத் தோம்புகள் வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் எழுதப்பட்டவை. பிறப்புப் பதிவுகளும் காணி உறுதிகளும் தேவாலய ஏடுகளும் அவரவர் தேவைக்கு எழுதப்பட்டவை. அவற்றுள் பல போரிலும் இடப்பெயர்விலும் பலரின் கையைவிட்டுப் போயின. எஞ்சியவற்றை எங்கே தேடுவது என்பதை அறிய ஊர், கிராமசேவையாளர் பிரிவு, பாட்டன் பாட்டியின் முழுப்பெயர், தாய்வழிக் குடும்பம், இடம்பெயர்ந்த வரிசை ஆகியவை வேண்டும். இவற்றைச் சொல்லக்கூடிய முதல் தலைமுறையினர் முதுமையை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அகதிக் கோப்பில் தம்மைப் பற்றி உள்ளதைப் பார்க்கும் உரிமையை அவர்கள் உயிரோடிருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளலாம். கடவுச்சீட்டு மாறும்போது பழைய பிறப்புச் சான்றின் நகலைப் பாதுகாக்கலாம். தமிழ்ப் பள்ளிகளும் கோவில்களும் சங்கங்களும் குடும்ப விவரங்களைக் குடும்பங்களின் ஒப்புதலோடு ஒரே படிவத்தில் திரட்டலாம். சூரிச் போதகர்கள் 1744இல் அரசின் ஆணைக்காகச் செய்ததை நாம் நம் பிள்ளைகளுக்காகச் செய்யலாம். அரசுகளும் கப்பல்காரர்களும் தங்களுக்குத் தேவையானதைப் பதிந்துகொண்டார்கள். வழித்தோன்றல்களுக்குத் தேவைப்படப்போவதைப் பதியும் கடமை அவர்களுக்கு இல்லை; அது குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் மட்டுமே உரிய கடமை. இந்தத் தலைமுறையோடு அதற்கான காலமும் முடிந்துவிடும்.